சூரியன் எல்லோருக்கும் பொது, பட்டா யாருக்கு?

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கின்ற காலம் போய், சூரிய வெளிச்சத்திலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கின்ற காலம் வந்து கொண்டிருக்கின்றதென்று சர்க்காரும், பத்திரிகைகளும், முதலாளிகளும் பலமாய்ப் பேசி வருகின்றார்கள். இது வெறும் பேச்சுமல்ல. 2021-ம் வருஷம் நவம்பர் மாதம் கிளாஸ்கோ நகரத்தில் கூடிய உலக மகாநாட்டில், 2030-ம் வருஷத்திற்குள் நிலக்கரி, எண்ணெய் முதலியவைகளைச் சாராத மின் உற்பத்தித் திறனை 5 லக்ஷம் மெகாவாட்டாகப் பெருக்கி விடுவதாக இந்திய சர்க்கார் வாக்குக் கொடுத்திருக்கின்றது. சூரிய மின்சாரம் மாத்திரமே 2025-ம் வருஷ ஆரம்பத்தில் ஒரு லக்ஷம் மெகாவாட்டைத் தாண்டி விட்டது. ஆகவே காரியம் மும்முரமாய் நடந்து கொண்டுதான் இருக்கின்றது.

இந்தக் காரியத்தை நாம் மனப்பூர்வமாக வரவேற்கின்றோம் என்பதை முதலிலேயே சொல்லி விடுகின்றோம். ஏனெனில் நிலக்கரிப் புகையினாலும் சாம்பலினாலும் வரும் கேட்டை அனுபவிக்கின்றவன் எப்போதும் ஏழையாகவே இருந்து வருகின்றான். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து மின்சாரத்தை அனுபவிக்கின்றவன் வேறொருவனாய் இருக்கின்றான். எண்ணூர்ப் பக்கத்திலே சாம்பல் படிந்த கழிமுகத்தில் மீன் பிடித்து ஜீவிக்கின்றவர்களைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும். அன்றியும் சூரிய மின்சாரமானது மனிதனுடைய அறிவு முயற்சிக்கு ஒரு நல்ல உதாரணமாகும். சூரியனைப் பார்த்துக் கை கூப்பி மந்திரம் சொன்னவர்களுக்கு ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒரு சிறு விளக்கும் எரிந்ததில்லை. 1954-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்தவர்கள் சிலிக்கனால் செய்த ஒரு சிறு தகட்டை வெயிலில் வைத்து, அதில் விழுந்த வெளிச்சத்தில் 100-க்கு 6 பாகத்தை மின்சாரமாக மாற்றிக் காட்டினார்கள். அன்று 6 ஆக இருந்தது இன்று 20-க்கு மேல் போய் விட்டது. இவ்வளவும் கேள்வி கேட்டதனாலும், சோதித்துப் பார்த்ததனாலும் வந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது.

ஆனால் நாம் இன்று எழுத வந்த சங்கதி அதுவல்ல. இவ்வளவு நல்ல காரியத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேருகின்றது, அதன் கஷ்டம் யார் தலையில் விழுகின்றது என்பதுதான் நாம் கேட்க வந்த கேள்வி. சூரியன் எல்லோருக்கும் பொதுவானதென்று சொல்லுகின்றோம். சேரிக்கு ஒரு வெயில், அக்கிரகாரத்துக்கு ஒரு வெயில் என்று அது பிரித்துக் காய்வதில்லை. ஆனால் அந்த வெயிலை மின்சாரமாக மாற்ற வேண்டுமானால் தகடு வேண்டும். தகட்டை வைக்க நிலம் வேண்டும். நிலத்திற்குப் பட்டா வேண்டும். பட்டா என்று வந்து விட்ட உடனே, எல்லோருக்கும் பொதுவாயிருந்த சூரியன் சிலருக்கு மாத்திரம் சொந்தமாகி விடுகின்றது. இது எப்படி நடக்கின்றதென்பதை விளக்க, நமது பக்கத்து ராஜ்யமாகிய கர்நாடகத்தில் நடந்த ஒன்றையே எடுத்துக் கொள்ளுவோம்.

தும்கூர் ஜில்லாவில் பாவகடா என்று ஒரு தாலூக்கா இருக்கின்றது. மழை பொய்த்து வறட்சி அடிக்கடி வரும் பூமி. கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு கலந்திருக்கும். வேர்க்கடலைதான் முக்கியமான பயிர். அது விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். இப்படிப்பட்ட இடத்தில் திருமணி, வள்ளூர் முதலான 5 கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கர் பூமியில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 2015-ம் வருஷத்தில் இதற்கென்றே ஒரு சர்க்கார் கம்பெனி தொடங்கப்பட்டு, 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் பாகம் திறக்கப்பட்டு, 2019-ம் வருஷ முடிவில் முழுவதும் வேலை செய்ய ஆரம்பித்தது. அக்காலத்தில் உலகத்திலேயே மிகப் பெரிய சூரிய மின் பூங்காக்களில் ஒன்று என்று இது பேசப்பட்டது.

இதில் மெச்சத்தக்க ஒரு விஷயம் உண்டு. அதை மறைப்பது யோக்கியமாகாது. அதாவது, குடியானவர்களின் நிலத்தைப் பிடுங்கிக் கொள்ளாமலும், ஒரேயடியாக விலைக்கு வாங்கிக் கொள்ளாமலும், நிலத்தை அவர்கள் பேரிலேயே விட்டு விட்டு, 25 வருஷத்திற்கு மேற்பட்ட காலத்திற்குக் குத்தகைக்கு எடுத்துக் கொண்டார்கள். சுமார் 2,300 குடியானவர்களுக்கு ஏக்கர் ஒன்றுக்கு வருஷத்திற்கு 21,000 ரூபாய் வீதமும், இரண்டு வருஷத்திற்கு ஒரு தடவை 100-க்கு 5 வீதம் கூட்டிக் கொடுப்பதாகவும் ஏற்பாடு செய்தார்கள். மழையை நம்பி வேர்க்கடலை போட்டு நஷ்டப்பட்டவனுக்கு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரு தொகை கைக்கு வருகின்றதென்றால் அது லேசான காரியமல்ல. நிலத்தை விற்றுப் பணத்தைக் கல்யாணத்திலும் கருமாதியிலும் தொலைத்து விட்டுத் தெருவில் நிற்பதைக் காட்டிலும் இது ஆயிரம் மடங்கு மேலானது.

நிற்க, இந்தக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று பார்ப்போம். நிலத்தின் மேல் பட்டா உள்ளவர்கள் போட்டார்கள். 50 ஏக்கர் உள்ளவன் 50 ஏக்கருக்கு வாங்கினான். 2 ஏக்கர் உள்ளவன் 2 ஏக்கருக்கு வாங்கினான். நிலமே இல்லாதவன் எதற்கு வாங்குவான்? ஆனால் அந்த 13,000 ஏக்கரில் பட்டாதார் மாத்திரமா ஜீவித்து வந்தார்கள் என்று கேட்கின்றோம். கடலை விதைப்பதற்கும், களை எடுப்பதற்கும், பிடுங்கி ஆய்வதற்கும் கூலிக்குப் போனவர்கள் எத்தனை பேர்? வாய்ப் பேச்சின் மேல் வாரத்திற்கு உழுதவர்கள் எத்தனை பேர்? அறுப்பான பின் அந்தக் காட்டில் ஆடு மாடு மேய்த்தவர்கள் எத்தனை பேர்? ஏர், கலப்பை செய்து கொடுத்த தச்சனும் கொல்லனும் எத்தனை பேர்? இவர்களில் எவருக்கும் பத்திரம் கிடையாது. ஆதலால் குத்தகையும் கிடையாது. நிலத்தைச் சுற்றி வேலி போட்டவுடன் இவர்களுடைய பிழைப்பும் வேலிக்கு வெளியே நின்று விட்டது. கூலி வேலை குறைந்து போனதையும், மேய்ச்சல் இல்லாமல் ஆடுகளை விற்று விட்டதையும், வேலை தேடி வெளியூர் போனதையும் பற்றி அங்கு போய்ப் பார்த்து வந்த பத்திரிகைக்காரர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் பல தடவை எழுதியிருக்கின்றார்கள்.

நிலமில்லாத இந்த ஜனங்கள் யார் என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011-ம் வருஷத்து ஜனக் கணிதத்தின்படி, இந்தியாவில் விவசாயத்தில் பாடுபடுகின்ற தாழ்த்தப்பட்ட வகுப்பாரில் 100-க்குச் சுமார் 71 பேர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைக்கின்றவர்களாகவே இருந்தார்கள். நிலம் வைத்துக் கொள்ளக் கூடாதென்று தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தாரைத் தடுத்து வைத்து விட்டு, இன்றைக்கு "நிலம் உள்ளவனுக்குத்தானே குத்தகை கொடுக்க முடியும்?" என்று சட்டம் பேசினால், அந்தப் பழைய அநீதிக்கு இன்னும் 25 வருஷத்திற்கு ஆயுள் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகத்தானே அர்த்தம்? பெண்களின் நிலைமையோ இதைக் காட்டிலும் மோசமானது. 2015-16-ம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நிலத்தை நடத்துகின்றவர்கள் 100 பேரில் பெண்கள் சுமார் 14 பேர்தான். களை எடுக்கின்ற கையெல்லாம் பெண்ணின் கை; பட்டாவில் உள்ள பெயரெல்லாம் ஆணின் பெயர். குத்தகைப் பணம் புருஷன் கைக்கு வருகின்றது. பெண்டாட்டியோ தன் கையில் வந்து கொண்டிருந்த கூலியையும் இழந்து விட்டு, உப்புக்கும் புளிக்கும் அவனையே கேட்டு நிற்க வேண்டியவளாகின்றாள். ஒரு பெண்ணின் சுதந்திரம் அவள் முந்தானையில் முடிந்திருக்கும் அவளுடைய சொந்தக் காசில்தான் இருக்கின்றது. அந்தக் காசை எடுத்து விட்டுப் பிறகு பெண்ணுரிமையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

சட்டம் இவர்களைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனித்திருக்கின்றது, அதுதான் இதில் உள்ள வேடிக்கை. 2013-ம் வருஷத்தில் பார்லிமெண்டில் நிறைவேறி, 2014-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி அமுலுக்கு வந்த நிலமெடுப்புச் சட்டத்தில், "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதற்கு நல்ல விளக்கம் கொடுத்திருக்கின்றார்கள். நிலத்துக்காரன் மாத்திரமல்ல, அந்த இடத்தில் 3 வருஷமாக உழைத்து அதையே முக்கிய ஜீவனமாகக் கொண்ட விவசாயக் கூலியும், குத்தகைக்காரனும், வாரதாரனும், கைத்தொழிலாளியும் பாதிக்கப்பட்டவர்களே என்று அதில் எழுதியிருக்கின்றது. அவர்களுக்கு ஒரு வேலை, அல்லது 5 லக்ஷம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 வருஷத்திற்கு என்று பரிகாரமும் கூறப்பட்டிருக்கின்றது. நிலத்தை எடுப்பதற்கு முன் சமூகத்தில் அதனால் என்ன விளையும் என்று விசாரணை செய்ய வேண்டுமென்றும் விதித்திருக்கின்றது. ஆனால் இவ்வளவும் சர்க்கார் நிலத்தைக் கட்டாயமாக எடுத்தால்தான் முக்கியமாகப் பொருந்தும். "நாங்கள் எங்கே எடுத்தோம்? குடியானவன் சம்மதித்துக் கொடுத்தான், நாங்கள் குத்தகைக்கு வாங்கினோம்" என்று சொன்னால் சட்டத்தின் கதவு சாத்திக் கொள்ளுகின்றது. அதாவது எந்தக் குத்தகை முறை நிலத்துக்காரனைக் காப்பாற்றுகின்றதோ, அதே குத்தகை முறை நிலமில்லாதவனுக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பைத் தட்டிப் பறித்து விடுகின்றது. பட்டாதாரின் சம்மதத்தைக் கேட்டார்கள். கூலிக்காரனின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். பெரிய தொழில்கள் ஏற்படுமுன் சுற்றுப்புறத்திற்கு என்ன கெடுதல் வரும் என்று ஆராயவும், ஊரார் கூடி ஆட்சேபணை சொல்லவும் 2006-ம் வருஷத்தில் ஒரு விதி செய்யப்பட்டது. அந்த ஜாப்தாவில் சூரிய மின்சாரத் திட்டம் சேர்க்கப்படவில்லை. புகை இல்லாத தொழில்தானே என்று விட்டு விட்டார்கள் போலும். புகை இல்லை என்பது மெய்தான். ஆனால் ஊரார் ஒன்றுகூடிப் பேசுவதற்கு இருந்த ஒரு சந்தர்ப்பமும் புகையோடு சேர்ந்து போய் விட்டது.

இனி முதலாளிகளின் பக்கம் சட்டம் எப்படி நடந்து கொள்ளுகின்றதென்று பார்ப்போம். 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 86-வது பிரிவானது, சூரியன், காற்று முதலியவைகளிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் இவ்வளவு பங்கு வாங்கியே தீர வேண்டும் என்று விதிக்க, ஒவ்வொரு ராஜ்யத்து மின்சாரக் கமிஷனுக்கும் அதிகாரம் கொடுக்கின்றது. இன்ன விலைக்கு 25 வருஷம் வாங்கிக் கொள்ளுகின்றோம் என்று கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதித் தரப்படுகின்றது. 2014-ம் வருஷம் டிசம்பர் மாதம் வெளியான மின் பூங்காத் திட்டத்தின்படி, மெகாவாட்டுக்கு 20 லக்ஷம் ரூபாய் வரை மத்திய சர்க்கார் மானியம் ஏற்பட்டது. ராஜ்யம் விட்டு ராஜ்யம் மின்சாரம் கொண்டு போகும் கம்பிக் கட்டணம், 2025-ம் வருஷம் ஜூன் மாதம் வரை தொடங்கிய சூரிய மின் நிலையங்களுக்கு முழுவதும் தள்ளிக் கொடுக்கப்பட்டது. இவைகளை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. புதிய தொழிலொன்று நிலைபெற வேண்டுமானால் சர்க்கார் கை கொடுக்க வேண்டியதுதான். நாம் கேட்பதெல்லாம், முதலாளிக்குக் கொடுத்தால் அதற்கு "ஊக்கம்" என்று பெயர் சூட்டுகின்றவர்கள், கூலிக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னால் மாத்திரம் அதை ஏன் "இனாம்" என்று சொல்ல வேண்டும் என்பதேயாகும். கம்பெனிக்கு 25 வருஷத்திற்கு ஜாமீன் உண்டு, பட்டாதாருக்கும் உண்டு, வெயிலில் வெந்தவனுக்கு மாத்திரம் நாளைக் காலைக்கும் ஜாமீன் இல்லை என்றால் இது என்ன நியாயம்?

"அவர்களுக்கும் கொடுக்க வேண்டுமானால் மின்சாரத்தின் விலை ஏறி விடுமே" என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆதலால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மெகாவாட் தகடு வருஷத்திற்கு 15 லக்ஷம் யூனிட்டாவது கொடுக்கும் என்று குறைத்தே வைத்துக் கொள்ளுவோம். 2,050 மெகாவாட்டுக்கு வருஷத்திற்கு 307 கோடி யூனிட்டுக்கு மேல் ஆகின்றது. அதை 13,000 ஏக்கருக்குப் பங்கு போட்டால் ஏக்கருக்குச் சுமார் 2 லக்ஷத்து 36 ஆயிரம் யூனிட் விளைகின்றது. யூனிட் 3 ரூபாய் என்று வைத்தாலும் ஏக்கர் ஒன்றில் விளைகின்ற மின்சாரத்தின் கிரயம் 7 லக்ஷம் ரூபாய். அதில் நிலத்துக்காரனுக்குப் போகின்ற 21,000 ரூபாயானது 100-க்கு 3 பங்குதான். அதாவது யூனிட்டுக்கு 9 காசு. மீதியெல்லாம் கம்பெனிக்கு லாபமென்று நாம் சொல்லவில்லை. தகடு வாங்கிய கடனும், வட்டியும், கம்பியும், சம்பளமும் அதில்தான் அடங்க வேண்டும். ஆனால் யூனிட்டுக்கு ஒரே ஒரு காசு, நிலமில்லாத குடும்பங்களுக்கென்று தனியே எடுத்து வைத்தால் என்ன ஆகும்? வருஷத்திற்கு 3 கோடி ரூபாய்க்கு மேல் சேரும். அந்த 5 கிராமங்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் 3,000 இருக்கின்றதாக வைத்துக் கொண்டாலும், குடும்பம் ஒன்றுக்கு வருஷத்திற்குப் பதினாயிரம் ரூபாய் கிடைக்கும். மாதம் 100 யூனிட் எரிக்கின்ற ஒரு வீட்டுக்காரனுக்கு இதனால் அதிகப்படும் செலவு மாதம் ஒரு ரூபாய். இந்த ஒரு ரூபாயினால் தேசம் பாழாகி விடுமா?

அன்றியும் சூரிய மின்சாரத்தின் விலை இந்தச் சில வருஷங்களில் எப்படி இறங்கியிருக்கின்றதென்பதையும் கவனிக்க வேண்டும். நமது ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-ம் வருஷத்தில் ஏற்பட்டபோது, அந்த மின்சாரத்திற்கு யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று விலை பேசப்பட்டது. 2017-ம் வருஷம் மே மாதம் ராஜஸ்தானத்துப் பாட்லாவில் நடந்த ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. 2020-ம் வருஷம் டிசம்பர் மாதம் குஜராத்தில் நடந்த ஏலத்தில் 1 ரூபாய் 99 காசுக்கும் இறங்கியது. ரூபாய்க் கணக்கில் இறங்கிய விலையில், ஒரு காசு ஏழைக்கு எடுத்து வைக்க இடமில்லை என்று எவராவது சொன்னால், அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்றாவது, மனமில்லை என்றாவதுதான் கொள்ள வேண்டும்.

கமுதி என்ற பேச்சு வந்ததால் "தரிசு" என்கின்ற வார்த்தையைப் பற்றியும் இரண்டொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கின்றது. மின் நிலையங்களுக்குத் தரிசு நிலத்தைத்தானே எடுக்கின்றோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பது இப்போது ஒரு வழக்கமாய்ப் போய் விட்டது. தரிசு என்பது ரெவினியூக் கணக்கில் ஏற்பட்ட வார்த்தை. சர்க்காருக்குத் தீர்வை வருகின்ற பயிர் அதில் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தமே தவிர, அதை நம்பி ஒரு ஜீவனும் பிழைக்கவில்லை என்பது அர்த்தமல்ல. ராமநாதபுரம் சீமையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கின்ற காட்டைக் கணக்குப்பிள்ளை தரிசென்று எழுதுவார். ஆனால் அந்த முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டு அடுப்புக் கரி விற்று வயிறு வளர்க்கின்ற குடும்பங்களும், அதிலே ஆடு மேய்க்கின்றவர்களும், சுள்ளி பொறுக்கிச் சோறு ஆக்குகின்ற பெண்களும் ஏராளம். சீமைக் கருவேலம் நல்ல மரமென்று நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்தத் "தரிசு" ஒரு நாளில் வேலிக்குள் போய் விட்டால், கணக்கில் ஒரு பயிரும் அழியாமலே நூறு அடுப்புகள் அணைந்து போகும் என்பதைத்தான் சொல்லுகின்றோம்.

மற்றொரு சமாதானமும் சொல்லப்படுவதுண்டு. அதாவது மின் நிலையத்தில் வேலை கிடைக்குமே என்பது. வேலை கிடைக்கத்தான் செய்கின்றது. ஆனால் என்ன வேலை என்று பார்க்க வேண்டாமா? தகடுகளைப் பொருத்துகின்ற சில மாதங்களில் அநேகம் பேருக்கு வேலை இருக்கும். பொருத்தி முடிந்த பின், தகடு கழுவுவது, புல் வெட்டுவது, காவல் காப்பது ஆகிய மூன்றுதான் ஊராருக்கு மிச்சம். அதுவும் காண்டிராக்டர் வைத்தால் வேலை, நீக்கினால் வீடு. இயந்திரம் தெரிந்தவனும், கணக்குத் தெரிந்தவனும் வெளியூரிலிருந்து வருவான். ஏனெனில் உள்ளூர்ப் பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க எவரும் முன்கூட்டி ஏற்பாடு செய்யவில்லை. சொந்த ஊரில் 2,000 மெகாவாட் மின்சாரம் விளைய, அதற்கு வாசல் காப்பதுதான் அந்த ஊர்ப் பிள்ளைகளின் தலைவிதி என்று சொன்னால், தலைவிதி என்ற அந்தப் பழைய பித்தலாட்டத்தைப் புதிய தகட்டின் மேல் ஒட்டி வைத்ததாகத்தான் ஆகும். ஊருக்கு ரோடு போட்டோம், பள்ளிக்கூடத்திற்குச் சுவர் வைத்தோம் என்றும் சொல்லப்படலாம். ரோடும் சுவரும் வேண்டியவைதான். ஆனால் ரோடு கூலியாகாது, சுவர் சோறாகாது.

ஆகவே இனிமேல் ஏற்படப் போகின்ற ஒவ்வொரு சூரிய மின் நிலையத்திற்கும் காற்றாலைக்கும் கீழ்க்கண்ட ஏற்பாடுகள் சட்டமாகவே செய்யப்பட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, விலைக்கு வாங்குவதை விட்டுக் குத்தகை முறையே பொது வழக்கமாக வேண்டும். குத்தகைத் தொகையும் விலைவாசி ஏறுவதற்குத் தக்கபடி ஏற வேண்டும். இரண்டு வருஷத்திற்கு 100-க்கு 5 என்பது அரிசி விலையோடு ஓடி ஜெயிக்காது.

இரண்டாவது, குத்தகையானாலும் விலையானாலும், கட்டாயமாக எடுத்தாலும் சம்மதத்தின் மேல் எடுத்தாலும், 2013-ம் வருஷத்துச் சட்டத்தில் சொல்லியுள்ள கூலி, வாரதாரர், கைத்தொழிலாளி ஆகியோருடைய பெயரையும், அவர்களோடு மேய்ப்பவர்களுடைய பெயரையும் கிராம சபையைக் கூட்டி ஜாப்தா எழுத வேண்டும். அந்த ஜாப்தா முடியாமல் ஒரு கம்பமும் ஊன்றக் கூடாது.

மூன்றாவது, யூனிட்டுக்கு ஒரு காசாவது அந்த ஜாப்தாவில் கண்ட நிலமில்லாத குடும்பங்களுக்கென்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அது வீட்டுப் பெண்ணின் பேரிலுள்ள பாங்குக் கணக்கில் நேராகச் சேர வேண்டும்.

நான்காவது, வேலைகளில் இத்தனை பங்கு உள்ளூராருக்கு, அதில் இத்தனை பங்கு பெண்களுக்கு, தாழ்த்தப்பட்டோருக்கு என்று விகிதாசாரம் குறிப்பிட்டு, நிலையம் கட்ட ஆரம்பிக்கும்போதே அவர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, தகடுகளைச் சற்று உயர்த்தி வைத்தால் அடியிலே சில பயிர்கள் செய்யவும் ஆடு மேய்க்கவும் முடியுமென்று பல தேசங்களில் நடத்திக் காட்டியிருக்கின்றார்கள். செலவு கொஞ்சம் கூடும் என்பது உண்மை. எனினும் முடிந்த இடத்திலெல்லாம் வேலிக்குள் மனிதனுக்கும் ஆட்டுக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டியதுதானே, நாம் என்ன செய்ய முடியும் என்று வாசகர்கள் சும்மா இருந்து விடக் கூடாது. நம் பக்கத்து வறண்ட கிராமங்களுக்கெல்லாம் தரகர்கள் வந்து ஏக்கர் என்ன விலை என்று கேட்டுக் கொண்டுதான் இருக்கின்றார்கள். உங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் வந்தால், தனித்தனியாக டீக்கடையில் பேசி முன்பணம் வாங்கி விடாமல், ஊரைக் கூட்டுங்கள். கூட்டும்போது பட்டாதாரர்களை மாத்திரம் கூட்டாதீர்கள், சேரியையும் கூட்டுங்கள், பெண்களையும் கூட்டுங்கள். பத்திரத்தைத் தமிழில் எழுதி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை வருஷம், வாடகை எப்படி ஏறும், கம்பெனி கைமாறினால் யார் பொறுப்பு, காலம் முடிந்தபின் தகட்டையும் கான்கிரீட்டையும் எடுத்து நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது யார் என்று கேளுங்கள். இந்த நிலத்தில் இதுவரை கூலி செய்தவர்களுக்கு என்ன வழி என்று, கூலிக்காரன் கேட்கும் வரை காத்திராமல் பட்டாதாரரே கேளுங்கள். நிலமுள்ள சிறு குடியானவனும் நிலமில்லாத கூலியும் ஒன்றாய் நின்று கேட்டால் கிடைக்கக்கூடியது, தனித்தனியே நின்று கேட்டால் ஒருவருக்கும் கிடைக்காது. குத்தகைக்குக் கையெழுத்து வாங்க வருகின்றவனுக்கு இது நன்றாய்த் தெரியும். நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

சூரிய மின்சாரம் கூடாது என்று சொல்லுகின்றவர்களோடு நாம் சேர மாட்டோம். அப்படிச் சொல்லுவது நிலக்கரி முதலாளிக்குத்தான் உபகாரமாய் முடியும். அதே சமயத்தில், நல்ல காரியம் நடக்கின்றதே, இதில் ஏழையைப் பற்றிப் பேசி ஏன் தடை செய்கின்றீர்கள் என்று கேட்கின்றவர்களுக்கும் நாம் இடங்கொடுக்க மாட்டோம். ரயில் வந்தபோதும், அணை கட்டியபோதும், சுரங்கம் வெட்டியபோதும் இதையேதான் சொன்னார்கள். முதலில் காரியம் ஆகட்டும், பங்கு பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றார்கள். நிலத்தைக் கொடுத்து விட்டு நெய்வேலியில் நிரந்தர வேலைக்கும் சரியான ஈட்டுக்கும் இன்றும் போராடிக் கொண்டிருக்கின்றவர்களைப் பார்த்தால், அந்தப் "பிறகு" என்பது எப்போது வருமென்று விளங்கும். இப்பொழுது வருகின்ற மாறுதல் இன்னும் ஆரம்பத்தில்தான் இருக்கின்றது. 2030-க்குள் வர வேண்டிய தகடுகளிலும் காற்றாலைகளிலும் பலவற்றிற்கு இன்னும் பத்திரம் எழுதியாகவில்லை. எழுதும்போதே பங்கைக் கேட்க இதுதான் சமயம். எழுதி முடிந்த பின் 25 வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.